ஹகாட்டா போய் வந்த கூடை

உக்காரு கண்ணு, தாராளமா உக்காரு. கூடைய நான் மடியில வெச்சுக்கறேன். இல்ல இல்ல, மேல வைக்க வேண்டாம். கீழயும் வேண்டாம். மடியிலதான் இருக்கோணும். ஒரு தடவ மேல வெச்சுப்போட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

காங்கேயமா? நானும் அங்கதான் போறேன். இன்னிக்கு என்ற மவளுக்கு வளைகாப்பு, சம்பந்தி ஊட்டுல. எங்கூட்டுக்காரரு சீர்த்தட்டெல்லாம் ஏத்திக்கிட்டு வெடியறப்பவே கார்ல போயிட்டாரு. இந்த டெய்லர்காரன் ஜாக்கெட்ட எட்டு மணிக்குத்தான் குடுத்தான். அதான் பஸ்ஸு. இல்லாட்டி நான் பஸ்ஸுல வர்ற ஆளில்ல. தப்பா நெனச்சுக்காத, பஸ்ஸும் நல்லாத்தான் இருக்குது.

கூடையப் பாக்கறயா? எல்லாருந்தான் பாக்கறாங்க. கிளிப்பச்ச, ரோசு, நடுவுல மஞ்சக் கோடு. கண்ணு கூசுதல்ல? சும்மா சொல்லு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். வெறும் ஒயர் கூடைதான். ஆனா இது ஜப்பான் போய் வந்த கூடை. நெசமாத்தான். நான் போகாத ஊருக்கெல்லாம் இது தனியாப் போய்ட்டு வந்துச்சு. யாரு போட்டதா? அதத்தான் சொல்ல வர்றேன். அறச்சலூரு தாண்டட்டும், கூட்டம் கொறையும்.

எனக்கும் என்ற சம்பந்தியம்மாவுக்கும் ஒன்றர வருசமாப் பேச்சுவார்த்த இல்லாம இருந்துச்சு. பழனியாத்தாள்னு பேரு. நான் யாருகிட்டயும் குத்தம் கண்டுபுடிக்கற ஆளில்ல, அத மொதல்ல தெரிஞ்சுக்கோ. கல்யாணப் பந்தியில, அத்தன பேருக்கு முன்னால, "பாயாசம் கொஞ்சம் தண்ணியா இருக்குதுங்களே"ன்னு சொல்லிப்போட்டாங்க. அவ்வளவுதான். நான் அன்னிக்கே மறந்துட்டேன். மூணாவது வரிசையில அஞ்சாவது எலை, மாம்பழக் கலருப் பட்டு, எடது பக்கம் திரும்பி அவிங்க தங்கச்சிகிட்டச் சொன்னாங்க. நான் எப்பவோ மறந்தாச்சு.

என்ற மவ தாரணிதான் மறக்கல. அவளும் மாப்பளயும் பெங்களூர்ல இருக்கறாங்க. வயித்துல அஞ்சு மாசம் இருக்கறப்பச் சொல்லிப்போட்டா: "ரெண்டு அம்மாவும் ஒண்ணா நின்னு வளையல் போட்டாத்தான் எனக்கு வளைகாப்பு. ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கறதா இருந்தா எனக்கு வளையலே வேண்டாம்"னு. ஒத்தப் புள்ள கண்ணு. அவளுக்கு வளைகாப்பு இல்லீன்னா நான் எதுக்கு உசுரோட இருக்கோணும்? சொல்லிப்போட்டுச் சும்மா இருக்கல. புருசனும் பொண்டாட்டியுமாச் சேந்து எங்க ரெண்டு பேத்துக்கும் ஜப்பானுக்கு டூரு போட்டுட்டாங்க. பத்து நாளு. ஒரே ரூம்பு.

ஏர்போர்ட்டுல அவிங்க வந்து நின்னாங்க. கையில இந்தக் கூடை. "உங்களுக்குன்னு போட்டேனுங்க சம்பந்தி. போற எடத்துல சாமானம் வெச்சுக்க ஆகுமுங்க"ன்னாங்க. உள்ளுக்குள்ள தட்டுவட, எலுமிச்ச ஊறுகா எல்லாம் கட்டி வெச்சிருக்கறாங்க. நானோ ட்ராலிக்கும் செருப்புக்கும் ஒத்துப் போறாப்ல, காப்பிக் கலர்ல புதுசா லெதர் பேக்கு வாங்கி மாட்டிக்கிட்டு நிக்கறேன். வாங்காட்டி வளைகாப்பு போச்சு. வாங்கினா என்ற மானம் போச்சு. வாங்கிக்கிட்டேன். வேற என்ன பண்றது?

டோக்கியோ எப்பிடி இருக்குதுங்கற? கட்டடத்தப் பாத்தா கழுத்துச் சுளுக்கிக்கும். பொம்பளைக எல்லாம் கறுப்புக் கோட்டு, வெள்ளச் சட்ட, ஒரு கசங்கல் கெடையாது. ரயில்ல அத்தன கூட்டத்துலயும் ஒரு சத்தமில்ல. போன்ல கூட யாரும் பேச மாட்டாங்க. அதுக்கு நடுவுல நான் இந்தக் கூடையத் தூக்கிக்கிட்டு, சந்தைக்குப் போறவளாட்ட நிக்கறேன். கண்ணாடியில என்னப் பாத்து எனக்கே வெக்கமாப் போச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன். மறந்தாப்ல எங்கயாச்சும் விட்டுப்போடறது. மறதி எல்லாருக்கும் வர்றதுதான? யாரு என்ன கேக்கப் போறாங்க?

தட்டுவட தீந்துச்சு. ரெண்டாம் நாளு காலைல ஓட்டலக் காலி பண்றப்ப, கூடைய அலமாரிக்குள்ள மூலையில தள்ளி, கதவச் சாத்திப்போட்டு வந்துட்டேன். பஸ்ஸு ஏறி உக்காந்தாச்சு. வண்டி நவுருது. பின்னால ஒரு ஆளு ஓடி வாரான். கோட்டு, சூட்டு, டை எல்லாம் போட்டுக்கிட்டு. கையில கூடை! வண்டிய நிறுத்தி ஏறி வந்து, ரெண்டு கையாலயும் புடிச்சு, தட்டுல வெத்தல பாக்கு வெச்சுக் குடுக்கறாப்ல குடுக்கறான். அங்க எதக் குடுத்தாலும் அப்பிடித்தான் கண்ணு, ரெண்டு கையாலதான் குடுக்கறாங்க. கடையில மீதிச் சில்லறைக்கும் தட்டு வெச்சுத்தான் குடுக்கறாங்க. குடுத்துப்போட்டுக் கீழ எறங்கி, எங்க பஸ்ஸு திரும்பற வரைக்கும் குனிஞ்சவன் நிமிரவே இல்ல. நல்லவேளயாக் கெடச்சுதுன்னு பஸ்ஸே கை தட்டுது. சம்பந்தி, "நல்ல மனுசங்கல்லங்க"ன்னு சொல்லிக் கூடையத் தொடச்சு என்ற மடியில வெச்சாங்க.

செரி, ரோட்டுல குப்பத்தொட்டியில போட்டுடலாம்னு பாத்தேன். அந்த நாட்டுல குப்பத்தொட்டியே இல்ல! சத்தியமா. ஒரு காயிதத்தப் போடோணும்னாலும் பைக்குள்ள வெச்சு ஊட்டுக்குத்தான் கொண்டு போறாங்க. அப்பறம் எப்பிடித் தெரு அத்தன சுத்தமா இருக்குதுன்னு நீ கேக்கறது எனக்குப் புரியுது. எனக்கும் வெளங்கல.

நடுவுல இன்னொரு கூத்து. அங்க கக்கூஸுல பத்துப் பன்னெண்டு பட்டன் இருக்குது. நான் படிச்சவளாச்சே, பட்டனப் பாத்து பயப்படுவனா? ஒண்ண அமுத்துனேன். கீழருந்து தண்ணி பீச்சி அடிச்சுச் செவுரெல்லாம் நனஞ்சு, என்ற சேலயெல்லாம் நனஞ்சு, நான் "ஐயோ ஐயோ"ன்னு கத்த, சம்பந்தி உள்ள வந்து ஒரே ஒரு பட்டன அமுத்தி நிறுத்திப்போட்டு, துண்டெடுத்துக் குடுத்துட்டு வெளிய போயிட்டாங்க. டூர்ல இருபது பேரு இருந்தோம். யாருகிட்டயும் மூச்சு விடல. நான்தான் இப்ப உன்கிட்டச் சொல்லிட்டேன். அவிங்க பட்டிக்காட்டு ஆளு, எப்பிடித்தான் அந்தப் பட்டனக் கண்டுபுடிச்சாங்களோ, ஏதோ குருட்டாம்போக்குல அமுத்திருப்பாங்க.

ரெண்டாந் தடவ, புல்லட் ரயிலு. கியோட்டோவுக்குப் போறோம். ரெண்டே கால் மணி நேரந்தான், ஆனா அந்த ரயிலு அதுக்கப்பறமும் எங்கயோ போகுது. கூடைய மேல எடுத்து உள்ள தள்ளி வெச்சேன். வலது பக்கம் ஃபுஜி மல தெரியுதுன்னு எல்லாரும் அங்க பாக்கறாங்க. எறங்கறப்ப நான் கூடையப் பாக்கவே இல்ல. ரயிலு கெளம்பிருச்சு. ஆஹா, தொலஞ்சுதடா சனியன்னு நிம்மதியா ஒரு மூச்சு விட்டேன் பாரு, சம்பந்தி "ஏனுங், கூடை?"ன்னாங்க.

எங்க கைடு வேந்தன் தம்பி. நம்ம கோபிச்செட்டிபாளையத்து ஆளுதான், நாப்பது வயசிருக்கும், பன்னெண்டு வருசமா அங்கதான் இருக்கறாரு. அவுரு பதறிப்போய் ஸ்டேசன் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனாரு. என்ன கலரு, எத்தன ஒசரம், கைப்பிடி எத்தன, உள்ள என்ன இருந்துச்சுன்னு அந்த ஆபீசரு கேட்டுக் கேட்டு எழுதறாரு. நாப்பது நிமிசம். இருபது பேரும் வெளிய கொடை புடிச்சு நிக்கறாங்க. "அது ஒண்ணும் பெருசில்ல, விட்டுடுங்க"ன்னு நான் சொல்லச் சொல்ல, என்ற பெருந்தன்மையப் பாத்து அந்த ஆபீசரு இன்னும் மும்முரமாத் தேடறாரு. மறுநாளு பார்சலு வந்துச்சு. கடைசி ஸ்டேசன் ஹகாட்டா வரைக்கும் தனியாப் போய் எறங்கி, அங்கருந்து திரும்பி வந்திருக்குது. கண்ணாடிக் காயிதம் சுத்தி, மேல காயிதத்துல மடிச்ச ஒரு கொக்கு.

மூணாந் தடவ கேளு. கியோட்டோவுல செவப்பு வாசலு ஆயிரக்கணக்குல வரிசையா நட்டு வெச்ச ஒரு கோயிலு இருக்குது. மல மேல ஏறோணும். கீழ பெஞ்சுல கூடைய வெச்சுப்போட்டு ஏறிட்டேன். ஆயிரம் பேரு வர்ற எடம், எவனாச்சும் தூக்கிட்டுப் போவான்ல? நம்மூரா இருந்தா பெஞ்சையே தூக்கிட்டுப் போயிருப்பான். ரெண்டு மணி நேரங் கழிச்சு எறங்கி வாரோம், நடுவுல மழ தூறிருக்குது. எவரோ ஒரு புண்ணியவான் கூடைய எடுத்து, நனையாத எடமாப் பாத்து மாடத்துல வெச்சு, மேல பாலிதீன் தாளு போத்திட்டுப் போயிருக்கறான். பெத்த புள்ளையப் போத்தறாப்ல.

சம்பந்தி அன்னிக்குச் சொன்னாங்க: "இந்த ஊர்ல எதையும் தொலைக்க முடியாதாட்ட இருக்குதுங்க சம்பந்தி." பாவம், வெகுளி. நான் வேணும்னே விடறேன்னு கடைசி வரைக்கும் அவிங்களுக்குத் தெரியவே தெரியாது. அன்னிக்கு ரூம்புல உக்காந்து ஒரு அட்டையில என்ற பேர இங்கிலீசுல எழுதி, கூடைக் கைப்பிடியில கட்டி வெச்சாங்க. எதுக்குங்கன்னேன். "கூடைக்குக் காலு மொளச்சிருக்குதுங்க, அதான்"னு சிரிச்சாங்க. பாத்தியா, எத்தன வெகுளின்னு.

அறச்சலூரு வந்துருச்சா? இங்கதான் கண்ணு மெயினான எடம் வருது.

கடைசி ரெண்டு நாளு மலையடிவாரத்துல பழைய காலத்து விடுதி ஒண்ணு. மரத்துலயே கட்டுனது. வாசல்ல செருப்பக் கழட்டோணும். நாம திரும்பிப் பாக்கறதுக்குள்ள அந்தச் செருப்பத் திருப்பி வெச்சிருக்கறாங்க, போறப்பக் காலு விட்டுக்கத் தோதா. உள்ள கோரப்பாய்த் தரை. அங்க கட்டிக்கறதுக்குன்னு ஒரு நீள அங்கி குடுத்தாங்க. நான் நல்லாத்தான் கட்டிக்கிட்டு வந்தேன். அந்த விடுதிக்கார அம்மா, மொரியாமான்னு பேரு, அறுபது வயசிருக்கும், ஓடி வந்து அவுத்து மாத்திக் கட்டி உட்டுச்சு. வலது பக்கத்த மேல போட்டுக் கட்டுனாப் பொணத்துக்காம். சம்பந்தி செரியாக் கட்டியிருந்தாங்க. வெள்ளன வந்து பாத்துருப்பாங்க.

அந்த ஊட்டுக் கூடத்துல ஒரு மாடம் இருக்குது. நம்ம சாமி ரூம்பாட்ட. ஆனாச் சாமி இல்ல. ஒரு படத்தத் தொங்க உட்டு, அடியில ஒரே ஒரு பூவு. அவ்வளவுதான். வூட்டுக்கு வர்றவங்களுக்கு அதான் மரியாதையாம். அந்த மாடத்துக்குப் பக்கத்துல நாங்க நிக்கக் கூடக் கூடாது. சாயங்காலம் டீ குடுக்கக் கூப்புடறாங்கன்னு போனேன். போனா, அந்த மாடத்துல என்ற கூடை!

நெசமாத்தான் கண்ணு. வாசல்ல செருப்புக்குப் பக்கத்துல விட்டுட்டு வந்த கூடைய அந்தம்மா எடுத்து, தொடச்சு, உள்ளுக்குள்ள மூங்கில் குழாயில தண்ணி வெச்சு, ஒத்த வெள்ளப் பூவச் சொருகி வெச்சிருக்குது. கிளிப்பச்சைக்கும் ரோசுக்கும் நடுவுல அந்த வெள்ளப் பூவு. நான் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். அழகாத்தான் இருந்துச்சு. அதே கூடைதான், எனக்குத்தான் கண்ணு தெரியாம இருந்துருக்குது.

இருபது பேரும் போட்டோ எடுக்கறாங்க. மொரியாமா அம்மா அட்டையில இருந்த பேரப் படிச்சுப்போட்டு, மண்டி போட்டு உக்காந்து, வேந்தன் தம்பி மூலமாக் கேக்குது: "சுலோச்சனா அம்மா யாருங்க? நீங்க போட்டதா?"

நான் என்ன சொல்லிருக்கோணும்? நீயே சொல்லு.

"நாந்தானுங்க"ன்னு சொல்லிப்போட்டேன்.

வாயில வந்துருச்சு கண்ணு. அத்தன பேரு பாக்கறாங்க, அத்தன போனு தூக்கிக்கிட்டு நிக்குது, யாரா இருந்தாலும் வந்துரும். சம்பந்தி எனக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டிருந்தாங்க. நான் திரும்பவே இல்ல.

அந்தம்மா தரையில நெத்தி படறாப்லக் குனிஞ்சு கும்புட்டுச்சு. அதோட உட்டுருந்தாப் பரவாயில்ல. அவிங்க ஊர்ல அன்பளிப்புக் கட்டற செவப்பு வெள்ளக் கயிறு ஒரு கட்டு கொண்டாந்து எனக்கு முன்னால வெச்சு, "இந்த முடிச்சு எப்பிடிப் போடறதுன்னு எனக்குக் காட்டித் தருவீங்களா?"ன்னு கேட்டுச்சு. இதுக்குச் சிவன் கண் முடிச்சும்பாங்க. எனக்குச் சிவன் கண்ணும் தெரியாது, எந்தக் கண்ணும் தெரியாது. ஒயரத் தொட்டதே இல்ல. போச்சு, இப்பத் தெரியப் போகுது, சம்பந்தி அவிங்க தங்கச்சிகிட்டச் சொல்வாங்க, தங்கச்சி ஊரெல்லாஞ் சொல்வா, தாரணிக்கு வளைகாப்பு இல்லீன்னு முடிவே பண்ணிட்டேன்.

அப்பச் சம்பந்தி முன்னால வந்தாங்க. "சம்பந்திக்கு வெரல்ல சுளுக்குங்க தம்பி. அவிங்க சொல்லச் சொல்ல நான் போட்டுக் காட்டறேன்னு சொல்லுங்க"ன்னாங்க. எனக்குப் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து, கயித்த எடுத்து மடிச்சு, என்ற மூஞ்சியப் பாத்துக் கேக்கறாங்க: "இப்ப இந்தப் பக்கம் மடிக்கட்டுங்களா, சம்பந்தி?"

"ம், மடிங்க"ன்னேன்.

"உள்ள உட்டு இழுக்கட்டுங்களா?"

"இழுங்க."

"இறுக்கவா, லேசாவா?"

"லேசா... இல்ல, இறுக்கிப்போடுங்க."

இப்பிடியே முக்கா மணி நேரம். முடிச்சு முடிச்சா வருது. அந்தம்மா குறிப்பெழுதிக்குது. கடைசியில எல்லாரும் எனக்குக் கை தட்டுனாங்க. வாத்தியாரம்மாவாம்! எனக்குக் கூசிப் போச்சு கண்ணு. தரையப் பொளந்துக்கிட்டு உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. ஆனா ஒண்ணு, நான் சொன்னதெல்லாம் செரியாத்தான் இருந்துச்சு. ஒரு எடத்துலயும் தப்பாச் சொல்லல.

ரூம்புக்கு வந்து, "ஏனுங்க அப்பிடிப் பண்ணீங்க?"ன்னு கேட்டேன். அவிங்க பொட்டிய அடுக்கிக்கிட்டே, "பாயாசம் தண்ணியா இருந்துச்சுன்னு அன்னிக்கு நான் வாய உட்டிருக்கக் கூடாதுங்க சம்பந்தி. உங்க மூஞ்சி வாடிப் போச்சு. அப்பவே மன்னிப்புக் கேக்கோணும்னு நெனச்சேன், எப்பிடிக் கேக்கறதுன்னு தெரீல. கூடை போட்டேன்"னாங்க.

கூடை போட்டாங்களாம். நான் அத மூணு எடத்துல விட்டுட்டு வந்தேன். அழுகை வந்துருச்சு கண்ணு. மறைக்காமச் சொல்றேன், நல்லா அழுதேன். அவிங்க தண்ணி எடுத்துக் குடுத்து, "ஊருக்குப் போறப்ப இதக் கையிலயே வெச்சுக்கோங்க"ன்னாங்க.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு நெனக்கறயா? இங்கதான் கதை. வேந்தன் தம்பி அந்தப் போட்டோவ அனுப்பிப்போட்டாரு. தாரணி பாத்துட்டு போன்ல அழுகறா, சிரிக்கறா. "ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து கூடை போட்டீங்களாமே! அம்மா, நீ சொல்லச் சொல்ல அத்தை போட்டாங்களாமே!" வளைகாப்புக்கு நாள் குறிச்சாச்சு. அதோட உட்டாளா? "அம்மா, வர்றவங்களுக்கு வளையல் வெச்சுக் குடுக்க, நீயே உன்ற கையால அம்பத்தொண்ணு சின்னக் கூடை போட்டுக் குடு"ன்னுட்டா. என்ற கையால!

யாரு போட்டிருப்பாங்கன்னு நீயே தெரிஞ்சுக்குவ. அம்பத்தொண்ணையும் காங்கேயத்துல உக்காந்து போட்டு, மூட்டையாக் கட்டி, பஸ்ஸுல ஏத்தி ஈரோட்டுல எங்கூட்டுக்கு அனுப்பிச்சாங்க. இன்னிக்கு அது எங்கூட்டுக் கார்ல ஏறி, என்ற சீரா மறுபடியும் காங்கேயத்துக்கே போயிருக்குது. ஹகாட்டா போன கத இதுக்குத் தேவல.

"நான் இன்னிக்கு எல்லாருக்கும் முன்னால உண்மையச் சொல்லிப்போடறேனுங்க"ன்னு போன்ல சொன்னேன். "எதுக்குங்க? போட்டது யாரா இருந்தா என்ன. புள்ள சந்தோசமா இருந்தாப் போதாதுங்களா"ன்னுட்டாங்க. அவிங்களே வேண்டாங்கறப்ப நான் எதுக்குச் சொல்லோணும்? அதும் நூறு பேருக்கு முன்னால. என்ற நாத்தனார் ஒருத்தி வருவா, இதக் கேட்டா அடுத்த பத்து வருசத்துக்கு என்னய உட மாட்டா. சொல்லோணுங்கறயா? எளசு நீ, ஈசியாச் சொல்லிப்போடுவ.

ஆனா மொத ஆளா உன்கிட்டத்தான் சொல்லியிருக்கறேன். உன்ற பேரு கூடத் தெரியாது. அதான் சொல்ல வந்துருச்சாட்ட.

அடடே, ஸ்டாப்பு! கண்டக்டர் தம்பி, எறங்கோணும், எறங்கோணும்! அதா பாரு கண்ணு, ரோசுச் சேல கட்டிக்கிட்டு நிக்கறாங்களே, அவிங்கதான். கூட்டிட்டுப் போக வந்துட்டாங்க. பக்கத்துல தாரணி. வயித்தோட எதுக்கு வெயில்ல நிக்குதோ இந்தப் புள்ள. அந்தக் கண்ணாடிக்காரிதான் என்ற நாத்தனாரு. வாரேன் கண்ணு, நல்லா இரு. வழி உடுங்க சித்த...

என்னுங்க? என்ன? கூடையா?

ஐயோ! மடியிலதான வெச்சிருந்தேன்! ஜாக்கெட்டுப் பையப் பாத்தேன், கைப்பையப் பாத்தேன், இதப் போய் சீட்டுல வெச்சுட்டு எறங்கிட்டனே! ஜப்பான்ல மூணு தடவ தொலைக்கப் பாத்து முடியல, காங்கேயத்துல தொலைக்க இருந்தேன் பாரு. நிறுத்துங்க தம்பி, நிறுத்துங்க! யாரு கூடைன்னா கேக்கறீங்க? என்றதுதான். நான் போட்டதில்லீங்க. யாரு போட்டதா? கேக்கல? என்ஜினு சத்தத்துல கேக்கலீங்களா?

என்ற சம்பந்தி போட்டதுங்க! அதா நிக்கறாங்களே, பழனியாத்தா, அவிங்க போட்டது! அம்பத்தொண்ணும் அவிங்க போட்டதுதான்! நான் ஒரு முடிச்சுக் கூடப் போடல தாரணி, கேட்டுக்கோ! ஆமா, நீயுங் கேட்டுக்கோ நாத்தனாரே, நல்லாக் கேட்டுக்கோ!

பாரு கண்ணு, முந்தானைய வாயில வெச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க. குடு, குடு, சன்னல் வழியாவே குடு. ஒத்தக் கையில வேண்டாஞ் சாமி. ரெண்டு கையாலயும் புடிச்சுக் குடு.